மீனுக்குச் சட்டைப்பை இல்லை

எங்கள் பகுதியில் ஒரு காலத்துக் கல்யாணப் பெண்கள் பலருக்கு முகப்பரு போனது மருந்தால் அல்ல, என் அத்தையின் கையால். மாமா போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் எடுப்பது அவர் வேலை. எடுத்ததைச் சுவரில் மாட்டும்படி ஆக்குவது அத்தையின் வேலை. முதலில் ஒற்றை முடித் தூரிகையும் மையும், பிறகு கணினி. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், அழுததில் வழிந்த மை எல்லாம் அத்தையின் மேசைக்கு வந்து காணாமல் போகும். கண்ணை மூடிவிட்டவருக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பார். குழுப்படத்தில் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்க, ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால், அவரை மட்டும் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திருப்பிவிடுவார்.

திருப்பும் முன் மூன்றைப் பார்ப்பார்: கைக்கடிகாரம், சட்டைப்பை, தலைவகிடு. இவை மூன்றும்தான் காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு முறை, அவசரத்தில், ஒரு மாப்பிள்ளையின் சட்டைப்பை வலப்பக்கம் போய்விட்டது. அந்தப் படத்தின் மாதிரிப் பிரதி அத்தை வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் மாமா அதை எடுத்துக் காட்டாமல் விட்டதில்லை.

“பாத்தீங்களா? இவ கை பட்டா மாப்பிள்ளைக்கு நெஞ்சே இடம் மாறிடும்.”

“போதும் உங்க பெருமை” என்று அத்தை சிரித்துக்கொண்டே ஆல்பத்தைப் பிடுங்குவார்.

எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் ஸ்டூடியோவுக்கு ஆள் வரத்து நின்றது. எடுக்கும்போதே முகத்தை வழவழப்பாக்கித் தரும் போனோடு அத்தை எப்படிப் போட்டி போட முடியும்? பெயர்ப்பலகையை இறக்கிய அன்று, “இனிமே ஊரே அழகுதான். நமக்குத்தான் வேலையில்லை” என்று மாமா சொன்னார். நான் அப்போது படிப்புக்காக அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். அன்று அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

ஆராய்ச்சி நிலையத்தில் நுண்ணோக்கி அறைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். படம் எடுக்கத் தெரிய வேண்டும், கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான் தகுதி. பள்ளிப்படிப்பைக் கூட முடிக்காத அத்தை, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த பேராசிரியர் பேச்சு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் முட்டை ஒன்றைப் போட்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். ஊசி முனை இடுக்கிகள் இரண்டைக் கையில் கொடுத்தார். “மேல இருக்கிற உறையைக் கிழிங்க. உள்ள இருக்கிறதுக்கு அடிபடக் கூடாது.” அதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் உள்ளே இருந்ததையும் சேர்த்துக் குத்தியிருந்தார்கள். அத்தை உறையின் இரு பக்கத்தையும் பற்றி, மெல்ல விலக்கினார். உள்ளே சுருண்டிருந்த குஞ்சு நழுவி வெளியே வந்தது.

அது வரிமீன். வளர்ந்தால் விரல் நீளம்கூட இருக்காது, உடம்பில் நீலக் கோடுகள் ஓடும். குஞ்சாக இருக்கும்போது கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால், அறுக்காமலே உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். எந்த மருந்து எதைக் கெடுக்கும் என்று பார்க்க அதை வளர்க்கிறார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அத்தை செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று சொன்னார். “உள்ள இதயம் துடிக்கிறது தெரியுதுங்க. ரத்தம் ஓடுறது தெரியுது. ஒளிவு மறைவே இல்லை அதுக்கு.”

“அப்ப உனக்கு அங்க என்ன வேலை? பருவும் இல்லை, தழும்பும் இல்லை” என்றார் மாமா.

பழைய தொழிலின் பழக்கம் எங்கே போகும் என்ற சந்தேகம் பேராசிரியருக்கும் இருந்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளே, திரையில் தெரிந்த படத்தின் வலது மேல் மூலையில் ஒரு கரும்புள்ளியைப் பார்த்துவிட்டு அத்தை கேட்டார்: “இதை மட்டும் எடுத்துடட்டுமா சார்?”

அது கேமராவுக்குள் போய் ஒட்டிக்கொண்ட தூசி. கம்பெனி ஆள் வந்து பிரித்தால்தான் போகும், அதற்கு யாரும் மெனக்கெடவில்லை. எல்லாப் படத்திலும் அதே இடத்தில் அந்தப் புள்ளி இருக்கும்.

பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார். “அம்மா, இங்க டச்சப் கிடையாது. அழுக்கு இருந்தா அழுக்கோடதான் இருக்கணும். ஒரு புள்ளியை அழிச்சாலும் பொய் சொன்ன கணக்குதான். புரியுதா?”

அறையில் இருந்த மாணவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அத்தைக்கு அங்கே ‘டச்சப் அக்கா’ என்று பெயர். அத்தை அந்தப் பெயரைக் கோபிக்காமல் ஏற்றுக்கொண்டார். ஆனால் பேராசிரியர் சொன்னதை மனதில் ஆணி அடித்தாற்போல் வைத்துக்கொண்டார். ஆரம்பத்தில் எத்தனையோ படங்களில் அந்தப் புள்ளி அவர் கண்ணை உறுத்தியது. கை பரபரத்தது. ஒரு நாளும் தொடவில்லை.

வேலையில் அவர் கெட்டி. மயக்க மருந்து கலந்த நீரில் குஞ்சு அசையாமல் கிடக்கும். அதை அகர் என்ற இளஞ்சூடான கடற்பாசிக் கூழில் விட்டு, கூழ் உறைவதற்குள் மல்லாக்கத் திருப்பி, படத்தில் தலை மேற்பக்கம் வரும்படி நிறுத்த வேண்டும். சூடு கூடினால் குஞ்சு வெந்துவிடும். சூடு ஆறிப்போனால் பாதி திரும்பிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். குஞ்சைத் திருப்ப இரும்போ கண்ணாடியோ உதவாது, குத்திவிடும். அதற்கு அங்கே எல்லாரும் வைத்திருப்பது, குச்சி முனையில் ஒட்டிய ஒற்றைக் கண்ணிமை முடி. அத்தையுடையது அவருடைய சொந்த இமை முடி. “டச்சப் பிரஷ்ஷேதான், கொஞ்சம் சின்னது” என்பார்.

மாணவர்களில் அத்தைக்கு ரொம்ப நெருக்கமாக இருந்த பெண்ணை எல்லாரும் ‘ஊசி’ என்று கூப்பிட்டார்கள். ஆளும் ஒல்லி, முட்டைக்குள் ஊசி போடுவதிலும் கெட்டிக்காரி. ஒரு பூச்சிமருந்து கலந்த நீரில் வளரும் குஞ்சுகளுக்கு வால் வளைந்துபோகிறது என்று அவள் பார்த்திருந்தாள். எவ்வளவு வளைகிறது என்று அளப்பதற்காகக் குஞ்சுகளை அத்தையிடம் கொண்டுவந்தாள்.

“அக்கா, வால் நல்லாத் தெரியணும். எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சுன்னா அளக்க வசதியா இருக்கும்.”

“நீ போய்ச் சாப்பிடு கண்ணு. வரிசையா நிக்க வச்சுத் தரேன், கல்யாண குரூப் போட்டோ மாதிரி.”

மல்லாந்த குஞ்சின் வளைந்த வால் ஏதாவது ஒரு பக்கம் விழும். சிலது இடம், சிலது வலம். எல்லாம் ஒரே மாதிரி என்று கேட்டிருக்கிறாளே! திரையின் ஓரத்தில், இரண்டு முக்கோணங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற மாதிரி ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் படம் இடவலமாகத் திரும்பும். வலப்பக்கம் வால் விழுந்த படங்களை அத்தை அப்படித் திருப்பிச் சேமித்தார். அவரைப் பொறுத்தவரை அது டச்சப் இல்லை. எதையும் அழிக்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை. ஆல்பத்தில் படத்தை நேராக ஒட்டுவது போலத்தான். பழக்கத்தில் கண் கடிகாரத்தையும் சட்டைப்பையையும் தேடியிருக்கும். மீனுக்கு அதெல்லாம் ஏது?

மருந்து படாத குஞ்சுகளுக்கு வால் நேராக இருந்தது. அவற்றைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஊசி அதே படங்களை வேறு எதற்கோ பார்த்தபோதுதான் கவனித்தாள். மீனின் இதயமும் நம்முடையது போல ஒரு பக்கம் தள்ளி இருக்கும். வால் வளைந்த குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிக்கு அது எதிர்ப்பக்கம் இருந்தது. நேரான வால் உள்ளவற்றில் ஒன்றுக்குக்கூட மாறவில்லை. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வால் வளைவதும் இதயம் இடம் மாறுவதும் சில மீன்களில் சேர்ந்தே வருவதுண்டாம். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெளியூர்க் கூட்டம் ஒன்றில் பேராசிரியர் அந்தப் படங்களைப் போட்டுக் காட்டினார். கடைசியில் நன்றிப் பட்டியலில் அத்தையின் பெயரும் திரையில் வந்தது. ஊசி அதைப் போனில் பிடித்து அனுப்பினாள். அத்தை அந்தப் படத்தை மாவு மில்லில்கூடக் காட்டினார்.

“நம்ம வீட்டு டச்சப்பு பேரு சயின்ஸுல வந்துடுச்சு. இனிமே என்னைக் கையிலயே பிடிக்க முடியாது” என்றார் மாமா.

“உங்களை எதுக்கு?”

“மீன் மாதிரி வழுக்கிட்டுப் போவேன்ல?”

பத்திரிகைக்கு எழுதி அனுப்பும் முன் இன்னொரு முறை செய்து பார்த்துவிடலாம் என்று பேராசிரியர் முடிவெடுத்த நேரம் பார்த்து, அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தார். ஊசியே குஞ்சுகளை வைத்து, ஊசியே படம் எடுத்தாள்.

கட்டுப் பிரித்து அத்தை வேலைக்குப் போன முதல் நாள் நடந்ததை அவர் வாயாலும், பிறகு ஒரு சமயம் ஊசி சொல்லியும் எனக்குத் தெரியும்.

ஊசி அத்தையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“என்னடி, யாரு திட்டினா?”

“மறுபடியும் செஞ்சதுல வரவே இல்லைக்கா. ஒண்ணுகூட மாறலை. எல்லா இதயமும் ஒழுங்கா இருக்கு. சார் எங்கிட்ட பேசவே மாட்டேங்கிறார். நான் வேணும்னே செஞ்சேன்னு நினைக்கிறார்க்கா.”

“நீயாவது செய்யறதாவது. எங்க, காட்டு.”

ஊசி தான் எடுத்த படங்களைத் திரையில் பரப்பினாள். அத்தைக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

“என்ன கண்ணு இது, ஆளுக்கு ஒரு பக்கம் வாலைப் போட்டுட்டுக் கிடக்கு? இதைக் கொஞ்சம் திருப்பி...”

வாய் அதோடு நின்றது. இரண்டு குஞ்சுகள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்றின் வால் இப்படி, ஒன்றின் வால் அப்படி. இரண்டிலும் இதயம் மட்டும் ஒரே பக்கம் இருந்தது. நம்மைப் பார்த்து நிற்கிற ஆளின் சட்டைப்பை போல.

படத்தைத் திருப்பினால் இதயமும் சேர்ந்துதான் திரும்பும் என்பது அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நேரம் பார்த்தா பேராசிரியர் உள்ளே வர வேண்டும்!

“வந்துட்டீங்களா? உங்களைத்தான் கேக்கணும்னு இருந்தேன். போன தடவை எடுத்த படத்துல நீங்க ஏதாவது மாத்தினீங்களா?”

“ஒரு புள்ளியைக்கூடத் தொடலை சார்.”

வாய் தானாகச் சொன்னது. இத்தனை காலம் தலைநிமிர்ந்து சொல்லிவந்த அதே வாக்கியம்.

“அது எனக்குத் தெரியும். உங்களைச் சந்தேகப்படலை” என்றார் பேராசிரியர். பிறகு ஊசியின் பக்கம் திரும்பினார். “அப்ப மிச்சம் இருக்கிறது நீ ஒருத்திதான். வெள்ளிக்கிழமை பெரியவங்க நாலு பேர் முன்னாடி வந்து பதில் சொல்லு. சொல்ல முடியலைன்னா இந்தப் படிப்பை மறந்துடு.”

அவர் போனதும் ஊசி அத்தையின் தோளில் சாய்ந்து அழுதாள். அத்தை அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். “அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்கலாம்” என்று பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். படத்தைத் திருப்பிய கையை அல்ல. முதுகைத் தடவிய கையை.

வீட்டுக்கு வந்தவர் முகம் கழுவினார். திரும்பவும் கழுவினார். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். “கை வலிக்குதா அத்தை?” என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா தெரியவில்லை. மாமா, “கட்டுப் பிரிச்சவங்க சோத்தைப் பிசையக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா? சாப்பிடு” என்றார்.  அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த மாமாவின் எதிரே வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். நான் அடுத்த அறையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. நான் இருப்பது தெரிந்தேதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

 மாமா ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

“அந்தப் பொண்ணுதானே ஒரே மாதிரி வேணும்னு கேட்டுச்சு?”

“வால் அளக்கக் கேட்டா. அது தப்பா?”

“நீ திருப்பினது அந்த மெஷினுக்குத் தெரியுமா? எங்கயாவது பதிவாயிருக்குமா?”

“இல்லை. திரையில எப்படித் தெரியுதோ அப்படியே சேமிக்கும்.”

“அப்ப யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமேங்க.”

“சொல்லிட்டா வேலை போயிடும். வேலை போனாக்கூடப் பரவாயில்லை. அந்தச் சின்னப் பசங்க முன்னாடி... டச்சப் அக்கா கடைசில டச்சப் பண்ணிட்டாங்கன்னு சிரிப்பாங்க. அதை நீ தாங்க மாட்டே.”

 மாமா தப்பாகச் சொல்லவில்லை. அத்தைக்குக் கூசியது அதற்குத்தான். திட்டினால் வாங்கிக்கொள்வார். படித்தவர்கள் நடுவில் படிக்காதவள் என்று தெரிந்தேதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்திருந்தது ஒரே ஒரு நம்பிக்கை: இந்த அம்மா கை வைக்க மாட்டாங்க.

“அது மட்டுமில்லை. இப்பப் போய்ச் சொன்னா நம்புவாங்களா? அந்தப் பொண்ணைக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னு நினைச்சா?” என்று மாமா கேட்டார்.

“நம்புவாங்க. படத்துலயே இருக்கு.”

“என்ன இருக்கு?”

“தூசி.”

மாமாவும் போட்டோக்காரர்தானே, விளக்க வேண்டியிருக்கவில்லை. கேமராவுக்குள் ஒட்டிய தூசி எல்லாப் படத்திலும் வலது மேல் மூலையில் விழும். படத்தைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து இடது மூலைக்குப் போய்விடும். எடுத்துடட்டுமா என்று முதல் நாள் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அதே புள்ளி. திருப்பிய ஒவ்வொரு படத்திலும் அது இடம் மாறி உட்கார்ந்திருந்தது. அத்தனை படத்தையும் கண்ணால் பார்த்தவருக்கு அது தெரியாமல் போனது எப்படி என்று கேட்டால், தொடக் கூடாது என்ற பிறகு அந்தப் புள்ளியைப் பார்க்காமல் இருக்கவே தன்னைப் பழக்கிக்கொண்டதாக அத்தை சொன்னார்.

மாமா சட்டையைக் கீழே வைத்தார். “அன்னிக்கு உங்க சார் அழிக்க விட்டிருந்தா இன்னிக்கு நீ தப்பிச்சிருப்பே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

அத்தை வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. ஆனால் நேராகவும் போய்விடவில்லை. அன்று மதியமே கிளம்பிப் பேருந்தில் ஏறினார். நிலையத்தின் நிறுத்தம் வந்தபோது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். கடைசி நிறுத்தம் வரை போய், திரும்பி வருகிற வண்டியில் ஏறி, அப்போதும் இறங்கவில்லை. நடத்துனர் பார்த்துவிட்டு, “எங்கம்மா போகணும் உங்களுக்கு? தெரிஞ்சுதான் ஏறினீங்களா?” என்று சத்தமாகக் கேட்டதில், எல்லாரும் திரும்பிப் பார்க்க, அந்த வெட்கத்தில் இறங்கிவிட்டார்.

பேராசிரியரின் அறையில் ஊசியும் இருந்தாள். மேசை முன் நின்று எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்கம்மா. கை எப்படி இருக்கு?”

“உக்காரலை சார்.” கதவருகிலேயே நின்று சொன்னார். “படத்தை நான்தான் திருப்பினேன். வால் எல்லாம் ஒரு பக்கமா இருக்கட்டும்னு. நேத்து நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை.”

இரண்டாவது பாதியைச் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்றைக்குத்தான் புரிந்தது என்று சொல்லியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? மாமா அதைத்தான் சொல்லியனுப்பியிருந்தார்.

ஊசி மெல்லத் திரும்பினாள். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“தூசியைப் பாருங்க சார். இடது மூலையில இருக்கிறதெல்லாம் நான் திருப்பினது.”

மூவரும் நுண்ணோக்கி அறைக்குப் போனார்கள். பேராசிரியர் பின்னால் நின்றார். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் திறந்தார். புள்ளி வலது மூலையில் இருந்தால் விட்டார். இடது மூலையில் இருந்தால், அதே பொத்தானை அழுத்தினார். குஞ்சு புரண்டது. வால் அந்தப் பக்கம் போனது, இதயம் இந்தப் பக்கம் வந்தது. அடுத்தது. மறுபடி பொத்தான். எத்தனை முறை என்று யாரும் எண்ணவில்லை. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும், கூட்டத்தில் எழுந்து நின்று “நான்தான், நான்தான்” என்று சொல்வது போல இருந்தது என்று அத்தை சொன்னார். பாதியில், “போதும்மா, தெரிஞ்சுபோச்சு” என்றார் பேராசிரியர். அத்தை நிறுத்தவில்லை. கடைசிப் படமும் திரும்பியபோது எல்லா இதயமும் ஒரே பக்கம் இருந்தது. கண்டுபிடிப்பு என்று எதுவும் இல்லை. வால் வளைவது மட்டும் உண்மை.

“நாலு பேர் முன்னாடி நீ வர வேண்டாம்” என்று பேராசிரியர் ஊசியிடம் சொன்னார். குரல் இறங்கியிருந்தது. “அந்த வெளியூர்க் கூட்டத்துக்கும் எழுதணும். நான் எழுதறேன்.” போகும்போது அத்தையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு கணம் நின்றார். “திருப்பக் கூடாதுன்னு நான் சொன்னதில்லை இல்ல?” என்றார்.  அந்தச் சலுகையை வாங்கிக்கொள்ள அத்தைக்கு வாய் வரவில்லை.

ஊசி மட்டும் மிஞ்சினாள். அத்தை அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் கை மரக்கட்டை போல இருந்தது.

“திருப்பினதுக்கு எனக்குக் கோபம் இல்லை. அது தெரியாம செஞ்சது” என்றாள். “நான் உங்க தோள்ல சாஞ்சு அழுதேனே, அப்பச் சொல்லியிருக்கலாமே.”

‘ஒரே மாதிரி’ என்று தானே கேட்டது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. அத்தை நினைவுபடுத்தவும் இல்லை.

வேலை போகவில்லை. மாணவர்கள் சிரிக்கவும் இல்லை. மாமா பயந்த எதுவும் நடக்கவில்லை. அவர் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. சில வாரங்கள் கழித்து ஊசி புதிய குஞ்சுகளோடு நுண்ணோக்கி அறைக்கு வந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அத்தை இமைமுடிக் குச்சியால் குஞ்சைப் புரட்டி நிறுத்தினார். திரையில் வால் வலப்பக்கம் விழுந்தது. ஊசியின் கண் குஞ்சைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த புள்ளியைப் பார்த்தது.

“வால் எந்தப் பக்கம் இருந்தாலும் இருக்கட்டும் மேடம்.”

அதுவரை அவள் அத்தையை அக்கா என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

“இருக்கட்டும்மா” என்று சொல்லிவிட்டு, அத்தை மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாராம். அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, “மேடம்னா மரியாதைதானே” என்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

போன மாதம் மாமாவின் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ போய்ப் பழைய கல்யாணங்களில் வந்து நின்றது. அவர் மகள்களில் சின்னவள் அலமாரியைத் துழாவி ஆல்பத்தை எடுத்துவந்து மடியில் விரித்தாள். அத்தை டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஐயையோ, இவரைப் பாருங்களேன். சட்டைப்பை வலது பக்கம் இருக்கு!”

எல்லாரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் மாமா எழுந்து நின்றுவிடுவார். இப்போது அத்தையை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு அவசரமாக, “அந்தக் காலத்துத் தையல்காரங்க அப்படித்தான். தலைகீழாத் தச்சுக் கொடுத்துட்டுக் காசையும் வாங்கிட்டுப் போயிடுவாங்க” என்றார்.

சின்னவளுக்கு அது இன்னும் பெரிய வேடிக்கையாகிவிட்டது. “என்ன தையல்காரரோ!”

அத்தை டம்ளர்களைக் கீழே வைத்தார்.

“தையல்காரர் மேல போடாதீங்க” என்றார். “அவர் சரியாத்தான் தச்சாரு. நான்தான் திருப்பினேன்.”

சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல், டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.